பாண் வேறு, பணிஸ் வேறு என்றவளுக்கு

இன்று காலை கல்லில் வெண்ணெய் தடவிப் பன்னைக் கவிழ்த்தபோது, பக்கத்து அடுப்பில் வெங்காயம் சர்க்கரையோடு சேர்ந்து சிவந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு வாசனையும் ஒன்றாக எழுந்தால் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று என் உடம்புக்கு ஒரு கணக்கு. திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ நிற்கிற இடத்தில் கேஸ் சிலிண்டர் இருந்தது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து எழுதுகிறார்கள். உயிரோடு இருந்தபோது சண்டை போட்ட விஷயத்தில்கூட, கண்ணை மூடிய மறுநாளே "நீ சொன்னதுதான் சரி" என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. நீ செத்துப்போனதால் நீ ஜெயித்ததாக ஆகிவிடாது. ஹாட் டாக் சாண்ட்விச்தான். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

இந்தச் சண்டை எங்கே பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கும். வட்டக்கானலில் நாம் இருவரும் வேலை பார்த்த விடுதியின் சமையலறை. அடைமழைக் காலம். மலைப்பாதையில் பாறை சரிந்து, வத்தலக்குண்டிலிருந்து ரொட்டி கொண்டுவரும் வண்டி வரவில்லை. தங்கியிருந்தவர்கள் மழை விட்டதும் மலையேறப் போவதாகவும், கையில் எடுத்துப்போக எல்லாருக்கும் சாண்ட்விச் வேண்டுமென்றும் சொல்லியிருந்தார்கள். ரொட்டி ஒரு துண்டுகூட இல்லை. கீழ்க்கடையில் நீளப் பன் இருந்தது. குளிர்பெட்டியில் கோழி சாசேஜ் இருந்தது. நான் பன்னை நடுவில் கீறி, சாசேஜைப் பொரித்து உள்ளே வைத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ தலையில் மப்ளரோடு நனைந்துகொண்டு உள்ளே வந்தாய்.

"ஏ ஸ்டெல்லா, என்ன செய்யிற?"

"சாண்ட்விச்."

"எங்க?"

"இந்தா கெடக்குல்ல, கண்ணு தெரியலையா?"

நீ ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாய். "இது பணிஸு. பாண் வேற, பணிஸ் வேற. அவங்க கேட்டது பாண்ல செய்யிறது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது நாம் பழகி அதிக நாளாகவில்லை. உன் வீட்டில் ரொட்டிக்குப் பாண் என்றும் பன்னுக்குப் பணிஸ் என்றும் பெயர் என்பதையும், உன் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் என்பதையும், கப்பலில் வந்து இறங்கியபோது நீ உன் அம்மாவின் இடுப்பில் இருந்தாய் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மனிதர்கள் எப்படியெல்லாமோ அறிமுகமாகிறார்கள். நாம் ஒரு பன்னை நடுவில் வைத்து அறிமுகமானோம்.

மலையேறப் போனவர்கள் திரும்பி வந்து, சாண்ட்விச் ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். அந்தச் சொல்லையேதான் சொன்னார்கள். நான் உன்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றேன்.

"பசியில தின்னவன் சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா?" என்று சொல்லிவிட்டு நீ பாத்திரம் கழுவப் போய்விட்டாய்.

விடுதி கை மாறியபோது புது ஆட்கள் தங்கள் சமையல்காரரோடு வந்தார்கள். நாம் இருவரும் வெளியே வந்தோம். எனக்குப் புருஷன் இல்லை. உனக்கு இருந்தும் இல்லை, திருப்பூருக்குப் போனவர் திரும்பவேயில்லை. வண்டிக்கடை போடலாம் என்று சொன்னது நீதான். இடம் பிடித்தது நான். வண்டிகள் நிறுத்துகிற அந்தப் பெரிய காம்பவுண்டுக்குள் ஓர் ஓரம். காம்பவுண்டும் அதற்குள் இருந்த கண்ணாடிக் கஃபேயும் ஜெயசீலன் சாருடையவை. "டீயும் சாண்ட்விச்சும் மட்டும் போட்டுக்கங்க, வேற எதுக்குள்ளயும் போயிராதீங்க" என்று வாயால் ஓர் ஒப்பந்தம். நாம் தலையாட்டினோம்.

முதல் சில மாதங்கள் தக்காளியும் வெள்ளரிக்காயும் கோடைக்கானல் சீஸும் வைத்த சாண்ட்விச் ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஊர்ந்தது. பனி இறங்குகிற மாலைகளில் ஜில்லென்ற வெள்ளரிக்காயை யார் கடிப்பார்கள்? ஒருநாள் நான் பன்னும் சாசேஜும் வாங்கி வந்தேன். நீ வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாய். மெல்லிசாக, நீளநீளமாக. எண்ணெயில் போட்டு, அடுப்பைத் தணித்து, அதன் பக்கத்திலேயே நின்று, மிளகாய்த் தூளும் புளியும் சர்க்கரையும் சேர்த்து, இடித்த மாசிக் கருவாட்டைத் தூவி இறக்கினாய். "சீனிச் சம்பல். எங்கம்மா பாணுக்குத் தொட்டுக்கக் குடுக்கும்," என்றாய். அதைச் சாசேஜின் மேல் வழிய வழிய வைத்துக் கொடுத்தோம். முதல் ஆளாகத் தின்றது ஜீப் ஓட்டுகிற முருகேசன். தின்று முடித்து, விரலையும் நக்கி முடித்து, "இது என்னக்கா?" என்றான்.

"சாண்ட்விச்," என்றேன் நான்.

"ஹாட்டாக்கு," என்றாய் நீ.

அன்று தொடங்கியது ஊர்ச் சண்டை. சவாரி இல்லாத நேரத்தில் ஜீப்காரர்கள் நம் வண்டியைச் சுற்றி நின்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். என் கட்சி சுலபம். மேலே மாவில் சுட்டது ஒன்று, கீழே மாவில் சுட்டது ஒன்று, நடுவில் ஒரு சாமான். அவ்வளவுதான் சாண்ட்விச். உன் கட்சியோ நாளுக்கு ஒரு முகம் காட்டும். பன் முழுசாகப் பிளக்கவில்லை, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பாய். சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டலாம், இதை வெட்டிக் காட்டு என்பாய். ஒருநாள் நீ கேட்ட கேள்வியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

"மேலயும் மாவு, கீழயும் மாவு, நடுவுல சாமான்னா, மசால் தோசையும் சாண்ட்விச்சா?"

நான் விடவில்லை. "தோசைய மடிக்கிறோம் புள்ள. இதப் பிளக்குறோம்."

"பிளந்து வைக்கிறதெல்லாம் சாண்ட்விச்னா, எண்ணெக் கத்திரிக்கா?"

முருகேசன் உன் பக்கம் சாய்ந்துவிட்டான். எனக்கு ஆத்திரம். "ஊரே ஒரு பேரச் சொன்னா அதுதான் பேரு. வந்தவங்க எல்லாம் சாண்ட்விச்னுதானே கேக்குறாங்க?" என்றேன்.

நீ கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாய். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறாய் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாய். "வாழையக்கூடத்தான் ஊரே மரம்ங்குது. அறுத்து ஒரு பலக போட்டுக் காட்டு, பாப்போம்."

பண்ணைக்காட்டுக்காரன் ஒருவன் கை தட்டினான். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் மரம் என்றால் மரம்தான்.

இந்தக் கூத்தைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் தின்றார்கள். கண்ணாடிக் கஃபேக்குள் போகிற கூட்டம் நம் வண்டியைத் தாண்ட முடியாமல் தேங்கியது. ஜெயசீலன் சார் ஒருநாள் வெளியே வந்து நம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் சொன்னார்: "பேசினது சாண்ட்விச். இது ஹாட் டாக். கஃபே மெனுவுல ஹாட் டாக் இருக்கு. நிறுத்திருங்க."

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கே நம்மைத் துரத்தியிருக்கலாம், துரத்தவில்லை. ஜீப்காரர்கள் முணுமுணுத்ததால் விஷயத்தை வியாபாரிகள் சங்கத்துக்குக் கொண்டுபோனார். மத்தியானம் கூட்டம். சாக்லேட் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தேத்தண்ணி கொடுத்தார்கள். உன் டம்ளரிலிருந்து நீ ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

சங்கத் தலைவர் எல்லாரையும் சமாதானப்படுத்தியே பழகியவர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். "ஜெயசீலன், உங்களுக்கு என்ன சங்கடம்? அந்தப் பேரு உங்க மெனுவுல இருக்குது, அதானே? இவங்க அதச் சாண்ட்விச்னே வித்துக்கட்டும். சாசேஜ் சாண்ட்விச்னு பலகையில எழுதிக்கட்டும். ஒப்பந்தமும் மீறினதா ஆகாது, உங்க பேரும் உங்களோடயே இருக்கும். என்ன சொல்றீங்க?"

ஜெயசீலன் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். நிஜமாகவே சரி என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தலைவர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, ஹாட் டாக் சாண்ட்விச்தானே?"

"ஆமாங்க, சாண்ட்விச்தாங்க," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஓர் உண்மையை நான் சொன்னதில்லை.

பிறகு அவர் உன்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா, முடிச்சிருவோம்."

நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"இல்லீங்க," என்றாய்.

"என்னது?"

"அது சாண்ட்விச் இல்லீங்க. ஹாட்டாக்கு."

யாரோ சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்தபடிதான் சொன்னார்: "ஏம்மா, பேருல என்ன இருக்கு? சும்மா சொல்லிட்டுப் போங்களேன். உங்க பொழப்புக்குத்தானே சொல்றேன்."

நீ எழுந்து நின்றாய். உன் குரல் உயரவில்லை. சண்டையில் எகிறுகிற உன் குரல் அன்று உயரவேயில்லை. "எங்கப்பாவ அங்கன இந்தியாக்காரன்னாங்க. அதனால கப்பலேத்தி விட்டாங்க. இங்கன வந்து எறங்குனா சிலோன்காரன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்குச் சிலோன்காரங்க வீடுன்னுதான் பேரு. நான் சிலோனக் கண்ணால பாத்த ஞாபகம்கூட இல்லீங்க. அவங்கவங்க வசதிக்கு எங்களுக்கு ஒரு பேர வச்சாங்க, நாங்களும் பொழப்புக்காகச் சரி சரின்னு தலையாட்டுனோம். பேருல என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல? அதத் தொலச்சவங்களத்தான் கேக்கணும். விக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, நிறுத்திக்கிறோம். எடத்த விட்டுப் போங்கன்னா போறோம். ஆனா ஒண்ண இன்னொண்ணுன்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. யாரும் நமக்காகப் பேசவும் இல்லை. ஜெயசீலன் சார் எழுந்து, "அப்ப எடத்தக் காலி பண்ணிருங்கம்மா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

முருகேசன் தன் ஜீப்புக்குப் பின்னால் நம் வண்டியைக் கயிற்றால் கட்டினான். நாம் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்தபடி நடந்தோம். மூடுபனி. எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் அழவில்லை. கத்தினேன்.

"ஒரு வார்த்தடி! ஒரே ஒரு வார்த்த! அவரே எறங்கி வந்தாரு. நான் சொன்னேன்ல? நீ என்ன பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா?"

"நீ சொன்னது நெசம்," என்றாய். "நீ அத நம்புற. அதனால சொல்லலாம். நான் நம்பல. நான் சொன்னா அது பொய்யி."

"ஒரு பன்னுக்குப் போயி..."

"பணிஸு."

அந்த நேரத்திலும் திருத்தினாய். எனக்கு வண்டியை விட்டுவிட்டு உன்னை அடிக்கலாம்போல் இருந்தது. அன்றைய கோபம் எனக்கு நியாயமான கோபம். இப்போதும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஒரு நல்ல இடத்தை, மழைக்கு ஒதுங்கக் கூரை இருந்த இடத்தை, ஒரு சொல்லுக்காக நீ தூக்கிப் போட்டாய். உன் காரணம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூரையும் பெரிதுதான்.

பண்ணைக்காட்டுப் பக்கம் பேருந்துகள் மூச்சு வாங்க நிற்கிற ஒரு திருப்பத்தில் முருகேசன் நமக்கு இடம் காட்டினான். அவன் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்து ஓரம். பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்கள். முன்னால் சாலை. மேலே தார்ப்பாய். முதல் மழைக்காலத்தை நாம் எப்படித் தாண்டினோம் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. காற்று தார்ப்பாயைக் கிழித்தது. பன் நமத்துப்போனது. காப்பிப் பழம் பறிக்க வருகிற பெண்களுக்குச் சாசேஜ் பிடிக்கவில்லை. "சூடா பஜ்ஜி போட மாட்டீங்களாக்கா?" என்றார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். நமத்த பன்னைக் கல்லில் வாட்டி, அதற்குள் பஜ்ஜியை வைத்து, உன் சம்பலைத் தடவிக் கொடுத்தேன். அது பிடித்துக்கொண்டது. வெள்ளனே வேலைக்குப் போகிறவர்கள் வெரசா வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இதுக்கு என்ன பேரு வைக்க?" என்று நீ கேட்டாய். நாம் பேசிக்கொள்வதே குறைந்திருந்த காலம் அது.

"பஜ்ஜி சாண்ட்விச்," என்றேன், வேண்டுமென்றே.

"பஜ்ஜி பணிஸ்," என்றாய்.

"சாண்ட்விச்."

"பணிஸ்."

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர், "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு எனக்கு ஒண்ணு குடுங்கம்மா, பஸ்ஸு வந்திரும்" என்றார். நீ சிரித்துவிட்டாய். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த மூடுபனி நாளுக்குப் பிறகு நாம் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

வெயில் திரும்பியது. கோடைக்கானலுக்கு ஏறுகிற வேன்கள் திருப்பத்தில் நிற்கப் பழகின. மேலே கஃபேக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பங்கு நம்மிடமே வயிற்றை நிரப்பிக்கொண்டு போனது. ஹாட் டாக்கை ஹாட் டாக் என்றே எழுதி மாட்டினாய். நான் தடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை ஹாட் டாக் என்பது சாண்ட்விச்சில் ஒரு வகை. பூவனை வாழைப்பழம் என்று சொல்லாமல் பூவன் என்று சொன்னால் அது வாழைப்பழம் இல்லை என்று ஆகிவிடுமா? இதை உன்னிடம் சொன்னபோது நீ இரண்டு நாள் யோசித்தாய். அது நான் அடித்த அடிகளிலேயே நல்ல அடி. மூன்றாம் நாள் காலையில் வண்டிக்கு வந்ததும் வராததுமாக, "பூவன் வாழையில காய்க்குது. உன் ஹாட்டாக்கு எந்தப் பாண்ல காய்ச்சுது?" என்றாய். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

உன் உடம்பு எப்போது கெடத் தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ சொல்கிறவள் இல்லை. கால் வீங்கியது. குளிர் என்றாய். மூச்சு இளைத்தது. அடுப்புப் புகை என்றாய். கடைசியில் முருகேசன்தான் உன்னைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு இறங்கினான். சிறுநீரகம் என்றார்கள், இதயம் என்றார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்தே நீ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாய்.

ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் உனக்கு இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தார்கள், நடுவில் ஜாம் தடவி. நீ தின்ன முடியாமல் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டிக் காட்டினாய்.

"பாத்துக்க ஸ்டெல்லா. இதுதான் சாண்ட்விச்சு."

"ஆமா புள்ள," என்றேன். "நீ சொன்னதுதான் சரி. ஹாட்டாக்கு சாண்ட்விச்சே இல்ல."

நீ அந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாய். உன் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. சங்கத்துக் கூட்டத்தில்கூட இல்லை.

"சாகப் போறேன்னு விட்டுக்குடுக்குறியா?"

"அப்படியெல்லாம் இல்ல..."

"நான் பொழப்பு போனாலும் பரவால்லன்னு பொய் சொல்லாம இருந்தேன். நீ என் முன்னாடியே உக்காந்து பொய் சொல்லுற. என்ன நெனச்சுக்கிட்டிருக்க? நான் இன்னும் சாகல. ஒழுங்கா வாதாடு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாதாடினேன். எப்படி வாதாடினேன்! ஜாம் தடவிய ரொட்டியை மடித்துக் காட்டினேன். "இப்ப இது ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. இப்ப இது சாண்ட்விச் இல்லையா? ஒரு நிமிசத்துக்கு முன்னாடி இருந்துச்சே, எங்க போச்சு?" என்றேன். நீ மூச்சு வாங்க வாங்க, "மடிச்ச சாண்ட்விச்சு மடிச்ச சாண்ட்விச்சுதான், பணிஸாகிருமா?" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மா உன் பக்கம். அவளைப் பார்க்க வந்த மருமகன் என் பக்கம். நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா, சந்தக்கடையா?" என்று திட்டினாள். நீ தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, "இப்பத்தான் நல்லாருக்கு" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னால் அதிகம் பேச முடியவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாய். பண்ணைக்காட்டில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உன்னைப் புதைத்தோம். எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். நானும் குனிந்து போட்டேன். போடும்போது என் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டு முருகேசன், "என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டான். "ஜெபம்" என்றேன். ஜெபம் இல்லை. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வாரம் ஜெயசீலன் சார் வந்தார். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, உன்னைப் பற்றி விசாரித்து வருத்தப்பட்டார். ஒரு ஹாட் டாக் வாங்கி நின்றபடியே தின்றார். பிறகு, "தனியா இந்த மழையில எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க? பழைய எடம் காலியாத்தான் கெடக்கு. கூரை புதுசாப் போட்டிருக்கேன். வந்துருங்க" என்றார். "அதே பேச்சுதான். சாசேஜ் சாண்ட்விச்னு எழுதிக்கங்க. உங்களுக்குத்தான் அதுல ஆட்சேபணையே கிடையாதே. அன்னிக்கே நீங்க ஒத்துக்கிட்டீங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு ஆட்சேபணை கிடையாது. நான் சரி என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. நீயே அன்று மூடுபனியில் சொன்னாய், உனக்கு நெசம், நீ சொல்லலாம் என்று. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு வலிக்கிற என் முழங்காலுக்கு அந்தக் கூரை வேண்டும்தான்.

"சார், என்னக் கேட்டா அது சாண்ட்விச்தான்," என்றேன். "ஆனா கடை ரெண்டு பேரோடது. இன்னொருத்தி சம்மதிக்கல."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்கதான் இப்ப இல்லையேம்மா."

"இல்லைன்னா சம்மதிச்சதா ஆகிருமா சார்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். கார் திருப்பத்தைக் கடந்து மறைந்த பிறகு, ஒரு கழியை எடுத்துத் தார்ப்பாயைக் கீழிருந்து குத்தித் தண்ணீரைக் கவிழ்த்தேன். பாதி என் தலையில்தான் விழுந்தது. உன்னை வாய்விட்டுத் திட்டினேன். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

முருகேசன் சொல்கிறான், "அக்கா, நீங்க அவங்க கட்சிக்கு மாறிட்டீங்க, ஒத்துக்கங்க." மாறவில்லை. அவனுக்குப் புரிய வைக்க முடியவில்லை, உனக்குப் புரியும். நீ சொன்னது தப்பு என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். தப்பாகச் சொல்வதற்கு உனக்கு இருந்த உரிமையைத்தான் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறேன்.

எனக்கு இருக்கிற ஒரே சங்கடம், எதிரே ஆள் இல்லாமல் வாதாடுவது. ஒருத்தியே பேசினால் அது பேச்சு, சண்டை ஆகாது. அதனால் இப்போதெல்லாம் உன் கட்சியையும் நானே பேசுகிறேன். வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் கேட்டால் முதலில் உன்னுடையதைத்தான் சொல்கிறேன். பாணையும் பணிஸையும் சொல்கிறேன். மசால் தோசையைச் சொல்கிறேன். வாழையை அறுத்துப் பலகை போடச் சொல்கிறேன். ஒன்றையும் குறைப்பதில்லை. நீ விட்ட இடங்களில் நானே புதிதாக யோசித்துச் சேர்க்கிறேன். சில நாள் உன் கட்சிக்கு அப்படி ஒரு நல்ல பதில் அகப்பட்டுவிடுகிறது, இதை நீயே சொல்லியிருக்கலாமே என்று ஆகிவிடுகிறது. அதற்கு அடுத்துத்தான் என்னுடையதைச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மேல் உன் பக்கம்தான் சாய்கிறார்கள். சாயட்டும்.

நேற்று மதுரையிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு கட்சியையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயோரத்துச் சம்பலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா சொன்னதத்தான் இவ்ளோ நல்லாச் சொல்றீங்க. அப்ப உண்மையிலேயே நீங்க என்னதான் நினைக்கிறீங்கக்கா?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சாண்ட்விச்தான்," என்றேன். குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை.